கம்ப்யூட்டரில் எனக்கு இருமலே இல்லை!

ஆவணியில் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார்... எனக்கு இருமல் வந்துவிட்டது. லொக் லொக்கென்று அடங்கவே இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் நைஸாக எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டார்.

மாசக்கணக்கில் வறட்டு இருமல். ஆடாதோடை கஷாயம், மிளகுப் பால் — எதையும் விட்டுவைக்கவில்லை. வெளியே வீராப்பு. உள்ளுக்குள்? கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எந்த போட்டோ எடுப்பாக இருக்கும் என்று செல்போனில் தேடிக்கொண்டிருந்தேன்!

மனைவி பார்த்துவிட்டாள். "இன்னாங்க இது? இருமிக்கினே போட்டோ பாக்கறீங்க? கெளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்."

விழுப்புரத்தில் எனக்கு பிரஷர் மாத்திரை எழுதித்தரும் டாக்டரம்மாவிடம் போனோம்.

"எவ்ளோ நாளா சார் இருமல்?"

"சித்திரையிலேர்ந்து."

"நடுவுல வந்தீங்களே, ஏன் சொல்லல?"

"நீங்க பிரஷருக்குப் பாக்கறவங்க... இருமலை எதுக்குச் சொல்றதுன்னு..."

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுரையீரலில் ஒன்றுமில்லை. அப்பாடா! பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"பங்குனியிலதான் உங்க மாத்திரைய மாத்தினேன். இது சில பேருக்கு வறட்டு இருமல் கொடுக்கும். நம்மகிட்ட வர்றவங்கள்ல எத்தினி பேருக்கு அப்படி ஆவுதுன்னு எல்லார் விவரத்தையும் சேத்துப் பாத்துக்கினு இருக்கேன். நீங்க சொல்லாததால, இதுல உங்களுக்கு இருமலே இல்ல சார்!"

அதாவது, இருமிய அத்தனை மாதமும் அந்த மாத்திரைக்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாயைத் திறக்காமலே!

"உங்களதையும் இப்ப சேத்துக்கலாமா? பேரு வராது."

"பேரைப் போட்டாலும் பரவால்ல டாக்டர்..." என்று இழுத்தேன். மனைவி முறைத்தாள்.

மாத்திரை மாறியது. சில வாரங்களில் இருமல் போயே போய்விட்டது. அடுத்த முறை போனபோது பெருமையாகச் சொன்னேன்: "கஷாயத்தையும் விடல டாக்டர். அதுவும் வேலை செஞ்சிருக்கும்!"

அவர் சிரித்துக்கொண்டே அதையும் டைப் செய்தார். "இருக்கலாம் சார். ஆனா உங்க ஒருத்தர வெச்சி எதையும் முடிவு பண்ணக் கூடாது. நாலு பேரோட சேத்துப் பாக்கணும்."

வாராவாரம் பத்திரிகையில், எனக்கு நடந்த ஒன்றை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுதுகிறவன் நான்... மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நைஸாக நழுவினேன்.