சட்டைப்பையில் இரண்டு ஐசி

கடைசியாகச் சிலாங்கூர் சட்டமன்றத் தேர்தல் நடந்த சனிக்கிழமை அது. இடம், கிள்ளானில் நாங்கள் முன்பு குடியிருந்த வீடமைப்புத் தாமானுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். என் மகளுக்கு அதுதான் முதல் ஓட்டு. எனக்கு அது முதல் நெஞ்சுவலியாக ஆகியிருக்க வேண்டியது. வெறும் படபடப்போடு போயிற்று.

நாங்கள் இப்போது கேஎல் என்கிற கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். குடிவந்து ஐந்து வருடம் இருக்கும். இப்போதெல்லாம் பதினெட்டு வயதானால் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடும். போய்ப் பதிய வேண்டியதில்லை. ஆனால் எந்த ஊரில் ஓட்டு என்பதை ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கும் முகவரிதான் முடிவு செய்கிறது. மகள் பன்னிரண்டு வயதில் ஐசி எடுத்தபோது நாங்கள் கிள்ளானில் இருந்தோம். அந்த முகவரியை மாற்ற அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆகவே அவள் ஓட்டு கிள்ளானில்.

தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் அவளுடைய ஐசி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடம், சாலுரான் எண் எல்லாம் வந்தன. ஓட்டுப் போடும் அறையை இங்கே சாலுரான் என்போம். மறுநாளும் பார்த்தேன், ஒருவேளை மாறியிருக்குமோ என்று. அந்த வாரத்தில் ஏழு தடவையாவது பார்த்திருப்பேன். கடைசியில் அச்செடுத்து, ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

தேர்தலுக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை. தேர்தல் அதிகாரியாக என் மனைவி. அவள் ஈப்போக்காரி, ஓட்டும் அங்கேதான். ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் அந்த முறை தேர்தல் இல்லாததால் மிக நிம்மதியாக இருந்தாள். காலண்டர் தாளைக் கிழித்து வாக்குச்சீட்டு செய்து, கட்டங்கள் வரைந்து மகள் முன்னால் வைத்தேன்.

"கட்டத்துக்குள்ளதான் கோடு போடணும். வெளிய போச்சுன்னா செல்லாத ஓட்டு."

"அப்பா, நான் படிக்கிறது ஆர்க்கிடெக்சர். எனக்குக் கோடு போடத் தெரியும்லா."

"விரல்ல மை வைக்கட்டுமா, இல்ல குழம்பு ஆறுறதுக்குள்ள சாப்பிடுறீங்களா?" என்று அதிகாரி கரண்டியோடு கேட்டாள்.

மறுநாள் காலை சீக்கிரமே போய்விடலாம் என்பது என் திட்டம். மகளுக்கோ மூன்று மணி வரை கல்லூரியில் வேலை. அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் மழை. கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. கிள்ளானில் காரை நிறுத்தும்போது மணி நாலே முக்கால். ஆறு மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்துவிடும்.

"ஐசிய குடு," என்றேன்.

"எதுக்கு? நானே வெச்சுக்கிறேன்."

"கூட்டத்துல எங்கயாச்சும் விழுந்துட்டா? உன் ரூம் வாசல்ல வந்து குடுக்கிறேன். ஃபோனையும் கார்லயே வெச்சிடு. உள்ள ஃபோன் கூடாது."

"ஆஃப் பண்ணி பேக்ல வெச்சா போதும்ப்பா."

"வேணாம்."

அவள் பெருமூச்சு விட்டபடி இரண்டையும் கொடுத்தாள். கைப்பேசி கார் டிராயருக்குள் போயிற்று. அவள் ஐசி என் சட்டைப்பையில் என் ஐசியோடு சேர்ந்தது.

சாலுரான்களை வயதுப்படி பிரித்திருப்பார்கள். மூத்தவர்களுக்கு முதல் அறைகள், இளையவர்களுக்குக் கடைசி அறை. மகளுக்கு ஆறாவது அறை. அங்கே நாற்பது பேர் நின்றார்கள், எல்லாரும் சின்னப் பிள்ளைகள். இரண்டாவது அறையில் ஏழெட்டுப் பேர்தான். நான் பல வருடம் அந்தப் பள்ளியில் ஓட்டுப் போட்டவன். என் வயதுக்கு அதுதான் என்று கணக்குப் போட்டேன்.

"நீ வரிசைல நில்லு. நான் என் ஓட்டைப் போட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல வந்து ஐசி தரேன். எங்கயும் நகராத," என்றேன்.

இரண்டாவது அறையில் அலுவலர் என் ஐசியை வாங்கிப் பட்டியலில் மேலிருந்து கீழே விரல் ஓட்டினார். பிறகு கீழிருந்து மேலே ஓட்டினார். பெயர் இல்லை என்று மலாயில் சொல்லி, வெளியே விசாரணை மேசையைக் காட்டினார். அங்கே பத்துப் பதினைந்து பேர் வரிசை. என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் நின்றவர் தானாகவே பேசினார்.

"என் மச்சானுக்கும் இப்படித்தான் அண்ணே. ஸ்டேஷன் பக்கத்து ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. சும்மா இங்க நிக்காதீங்க, டைம் போயிடும்."

முன்பின் தெரியாதவர் சொன்னார், நான் ஓடினேன். மகளுடைய ஐசி ஏழு தடவை சரிபார்க்கப்பட்டது. என்னுடையதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது காரைக் கிளப்பும்போதுதான் உறைத்தது. உறைக்க வேண்டிய இன்னொன்று உறைக்கவில்லை.

இரண்டு கிலோமீட்டர் போக இருபது நிமிடம். அந்தப் பள்ளியின் விசாரணை மேசையில் ஒரு தமிழ்ப்பெண் இருந்தாள். சட்டைப்பையிலிருந்து ஐசியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அதைப் பார்த்தாள்.

"அங்கிள், இது நீங்க இல்லையே."

குனிந்து பார்த்தேன். என் மகள் பன்னிரண்டு வயது முகத்தோடு என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

என் ஐசியையும் நீட்டினேன். அந்தப் பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், உங்க ஓட்டு கேஎல்ல இருக்கு. கேஎல்ல இன்னைக்கு எலெக்‌ஷனே இல்ல. அது கூட்டரசுப் பிரதேசம். அங்க சட்டமன்றம் கிடையாதுல்ல."

அப்போதுதான் நினைவு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் வந்த பிறகு ஐசி முகவரியை மாற்றினேன். போதாதென்று, பொதுத்தேர்தலுக்காகக் கிள்ளான் வரை டிராஃபிக் ஜேமில் போக வேண்டாமே என்று வாக்களிக்கும் தொகுதியையும் நானே விண்ணப்பித்து மாற்றியிருந்தேன். வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

மணி ஐந்தரை. மகளிடம் கைப்பேசி இல்லை. ஐசி இல்லாமல் வாக்குச்சீட்டு தரமாட்டார்கள். எங்கேயும் நகராதே என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

காருக்கு ஓடினால், அதை அடைத்தபடி ஒரு வெள்ளை வேன் நின்றது. இப்படி நிறுத்துகிறவர்கள் கண்ணாடியில் தங்கள் நம்பரை எழுதி வைப்பது வழக்கம். இந்த மகராசன் வைக்கவில்லை. ஹாரனை அழுத்தினேன். யாரும் வரவில்லை. பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வடைப்பெட்டி கட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும்.

"என்ன பாஸ், ஏன் இப்படி வேர்க்குது?"

எதை முதலில் சொன்னேன் என்று தெரியவில்லை. மகள், ஐசி, ஆறு மணி என்ற மூன்று வார்த்தை அவருக்குப் போதுமாயிருந்தது. வடை வாங்க நின்ற இரண்டு பேரிடம், "கொஞ்சம் நில்லுங்க, வந்திடுறேன்," என்றார். பெட்டியைப் பின்னால் வைத்தால் நான் உட்கார முடியாது. அவிழ்த்து என் மடியில் வைத்தார்.

"ஒரு கையால பெட்டிய பிடிங்க. இன்னொரு கையால என்னைய பிடிங்க. கண்ண மூடாதீங்க பாஸ், வடை விழுந்திடும்."

அவருடைய மகளின் ஹெல்மெட் போலிருக்கிறது, பூப்போட்ட ரோஸ் ஹெல்மெட் ஒன்றை என் தலையில் மாட்டினார். கார்களுக்கு நடுவே புகுந்து போனோம். சூடான பெட்டி தொடையைச் சுட்டது. நான் தெரிந்த சாமிகள் அத்தனையையும் கூப்பிட்டேன்.

பள்ளி வாசலில் போலீஸ்காரர் மறித்தார். எந்த சாலுரான் என்று கேட்டார். எனக்கு ஓட்டே இல்லை என்று உண்மையைச் சொன்னேன். ஓட்டு இல்லாதவர் உள்ளே போக முடியாது என்றார். வாதாட வாயெடுத்தபோது, "அப்பா," என்று கம்பிவேலிக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

மகள் வேலியோரம் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. தன் முறை வந்தும் ஐசி இல்லாமல், பின்னால் நின்ற ஒவ்வொருவருக்கும் வழிவிட்டு, கடைசியில் வரிசையே தீர்ந்துபோனதால் வாசலில் வந்து என்னைத் தேடியிருக்கிறாள். நான் கம்பி இடுக்கில் ஐசியை நீட்டினேன். அவள் என் ஹெல்மெட்டையும் மார்போடு அணைத்திருந்த வடைப்பெட்டியையும் ஒரு கணம் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மணி ஆறாக எட்டு நிமிடம்.

திரும்பி வந்தபோது இடது சுட்டுவிரலில் மை இருந்தது.

"கட்டத்துக்குள்ள போட்டியா?"

"போட்டேன். உங்க சாலுரான் எத்தனைப்பா?"

எனக்கு ஓட்டு கேஎல்லில் என்பதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப நீங்க இன்னைக்கு டிரைவர் மட்டும்தான்," என்றாள். வடைக்காரர்தான் சிரித்தார். பத்து வடை வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, "நசுங்கினத நீங்கதான் வாங்கணும்," என்று அவரே பொறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

மழை, ஜேம், கூட்டம் என்று மகளுடைய ஓட்டுக்கு வரக்கூடிய ஆபத்துகளை ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தவன், அந்தப் பட்டியலில் என்னைச் சேர்க்க மறந்துவிட்டேன். அவளுக்காகப் பயப்படுவதை இப்போதும் நிறுத்த முடியவில்லை, ஆனால் அவள் கையில் இருக்க வேண்டியதை அவள் கையிலேயே விட்டுவிட்டுப் பயப்படக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.