மெயினை அணைத்துப் பார்த்த ஜெபராணி

போன வியாழக்கிழமை மதியம், அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஏணிமேல் நின்று போர்டு மாட்டிக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை பார்த்த ஜெபராணியின் கணவர் போன் செய்தார். "ராணி போயிட்டாண்ணே" என்றார். ஏணியைப் பிடித்திருந்தவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் கீழே இறங்கினேன்.

எங்கள் அலுவலகத்தில் ஜெபராணியிடம் ஒரு தடவையாவது சண்டை போடாதவர்கள் கிடையாது. இதைப் படிக்கும் உங்களில் பலரும் போட்டிருப்பீர்கள். அதிகம் போட்டது நான்தான்.

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். ஒரு பனியன் கம்பெனியில் தையல் லைனின் கடைசி ஆளாக நின்று, முடிந்த துணிக்கட்டுகளை ஸ்கேன் செய்யும் வேலையில் இருந்தார். ஸ்கேன் ஆனதும் லைனுக்கு மேலே தொங்கும் போர்டில் பீஸ் எண்ணிக்கை அந்த நொடியே ஏற வேண்டும். அதைச் செய்யும் மென்பொருள் எங்களுடையது. அதில் எங்கே கோளாறு என்று எங்களைவிடத் தெளிவாக அவர் சொன்னதால், எங்கள் முதலாளி அவரைச் சோதனைப் பிரிவுக்கே அழைத்துக்கொண்டார்.

அவருடைய சோதனை ஒன்றே ஒன்றுதான். எதை எழுதி முடித்தாலும், சொல்லாமல் கொள்ளாமல் போய் அலுவலக மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போடுவார். சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும். கத்தினால், "கம்பெனில மட்டும் கரண்டு சொல்லிட்டா போவுது?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

எங்கள் மென்பொருளுக்கு அடித்தளமாக இருந்த பிரேம்வொர்க்கின் பழைய வெர்ஷனை, அதை உருவாக்கியவர்களே கைவிட்டார்கள். இனி ஓட்டை விழுந்தால் அடைத்துத் தர ஆளில்லை. எல்லாவற்றையும் புது வெர்ஷனுக்கு மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஜெபராணி இரண்டு முறை மெயினை அணைத்ததும், ஒரு பூட்டு வாங்கி மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

அவருடைய சோதனை இல்லாமலே புது வெர்ஷன் முதலில் பெருமாநல்லூரில் ஒரு கம்பெனிக்குப் போனது. இரண்டாம் நாள் காலை அங்கே கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. போர்டுகள் யூபிஎஸ் பேட்டரி தயவில் அணையவில்லை. சர்வரோடு இருந்த இணைப்பு மட்டும் அறுந்தது. பழைய வெர்ஷன் என்றால் தானாகவே மறுபடி சேர்ந்துகொள்ளும். புதியதில் சேரச் சொல்லி நாம் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியை நான் எழுதவில்லை. போர்டு இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றுவிட்டது.

லைன் ஓடிக்கொண்டிருந்தது, எண் ஏறவில்லை. பழி, ஸ்கேன் செய்யும் சபிதாமேல் விழுந்தது. ஒடிசாவிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்கேன் செய்யாமல் தூங்குகிறாயா என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார். சபிதா அழுதுகொண்டே அதே கட்டுகளைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்தாராம். டீக்கும் போகவில்லை.

போனில் இதைக் கேட்டதும் அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஜெபராணி என் மேசைக்கு வந்து நின்றார். பூட்டைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தேன். "வாங்கண்ணே, போயி அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டு வந்துருவோம்" என்றார்.

லைனில் நின்றபோது பழகிய இந்தியை வழியெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முழு லைனும் பார்க்க, "மேரி கல்தி, மேரி கல்தி" என்று என் தவறை நான் ஒப்புக்கொண்டு அசடு வழிந்தேன். சபிதா ஒன்றும் புரியாமல் ஜெபராணியைப் பார்த்தார். ஜெபராணி அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு சூப்பர்வைசரையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

திரும்பும்போதுதான் போர்டைப் பற்றிப் பேசினார். "நின்னது தப்பில்லண்ணே. தெரியலைன்னா தெரியலைன்னு காட்டணும். பழைய நம்பரக் காட்டிக்கிட்டு நின்னா, பாவம், கீழ நிக்கிறவதான அடி வாங்குதா."

மறுநாள் நானே பூட்டைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். இணைப்பு அறுந்தால் எண் மறைந்து, 'இப்போது தெரியவில்லை' என்று போர்டில் வரும்படி எழுதினேன்.

பிறகு அவர் நோயில் விழுந்தார். கடைசியாக அவரைப் பார்த்தது மருத்துவமனையில். பாதியாக இளைத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் தேறிவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பின் என்னிடம் கேட்டார்: "நீங்க சொல்லுங்கண்ணே. நான் வீட்டுக்குப் போவேனா?"

அவர்கள் சொன்ன அதே பதில்தான் எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "தெரியலீங்க ஜெபா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தாண்ணே உங்க போர்டு சரியா ஓடுது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், அழவும் செய்தோம்.

அந்தப் பூட்டை அவர் மேசையிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். வேறு யாரும் கேட்காதீர்கள், தர மாட்டேன். திங்கட்கிழமை ஒரு புது வேலை முடிந்தபோது, யாரிடமும் சொல்லாமல் போய் மெயினை அணைத்தேன். ஒருவரும் கத்தவில்லை. சுவரில் யூபிஎஸ்ஸில் ஓடிய சோதனைப் போர்டுகள் எல்லாவற்றிலும் 'இப்போது தெரியவில்லை' என்று வந்தது. கரண்ட்டைத் திரும்பப் போட எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.