வண்டியைத் திருப்பாமல்

நான் மூணாறில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். பிறந்தது எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில். பன்னிரண்டு வருடம் இந்த வளைவுகளில் ஓட்டிய பிறகு ஒரு மதியம், பனி மூடியிருந்த எஸ்டேட் ரோட்டில், பின்சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கல். காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கால் கழுவும்போது ஒரு கேள்வி வந்தது. கல் மட்டும்தானா? கல்லுக்கு அந்தப் பக்கம், தேயிலைச் செடிக்குள் யாராவது விழுந்து கிடந்திருந்தால்?

மறுநாள் காலை ஆள் ஏற்றுவதற்கு முன்பே அங்கே போய், செடிகளை விலக்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகவே மறுபடி மறுபடி போக ஆரம்பித்தேன்.

வேகத்தடையில் ஏறினால் திரும்பிப் போனேன். குழியில் இறங்கினால் திரும்பிப் போனேன். கொழுந்து மூட்டையோடு ஓரமாக நடந்த பெண்களைத் தாண்டினால், அவர்கள் நிற்கிறார்களா என்று பார்க்கத் திரும்பிப் போனேன். பேப்பரில் விபத்துச் செய்தியை மட்டும் படித்தேன். சாயங்காலம் வண்டியின் முன்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்ப்பேன். பிறகு மனைவியிடம் கேட்பேன்.

"நான் யாரையும் இடிக்கலைல்ல?"

"இல்லங்க. இடிச்சிருந்தா ஊரே சொல்லிருக்குமே."

அவள் எஸ்டேட் ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். அலுத்து வந்திருப்பாள். ஆரம்பத்தில் ஒரு தடவை சொன்னால் போதுமாக இருந்தது. மூன்று மாதத்தில் சமைத்து முடிப்பதற்குள் இருபது தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

காந்தலூருக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போன அன்று, ஒரே வளைவுக்கு நான்கு தடவை திரும்பினேன். நாலாவது தடவை அவர்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். நான் அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். யாரையோ இடித்திருப்பேன், பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அங்கிருந்த போலீஸ்காரர் எந்த இடம், எந்த நேரம் என்று விசாரித்தார். இரண்டு இடங்களுக்கு ஃபோன் செய்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, வீட்டுக்குப் போ என்றார். அடுத்த நாள் மறுபடி போனேன். அதற்கடுத்த நாளும்.

மூன்றாம் நாள் அவர் எனக்குப் பால் இல்லாத கட்டன்சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, என் மனைவியை வரச் சொல்லி ஃபோன் செய்தார். அவள் வந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இது கேஸ் இல்லை, சுகக்கேடு, டாக்டரிடம் காட்டுங்கள் என்றாராம். அவள் வெளியே வந்து, "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டாயா என்று கேட்டேன். "பேர் என்னான்னு டாக்டர் சொல்லட்டும். நீங்க வாங்க" என்றாள்.

மலை இறங்கிப் போய்ப் பார்த்த டாக்டரம்மாவுக்கு, தமிழ் பேசுகிறவர்கள் நிறைய உள்ள எல்லையோர எருத்தேன்பதிப் பக்கம் சொந்த ஊர். என் தமிழைக் கேட்டதும் அவரும் தமிழுக்கு மாறிவிட்டார். நான் சொன்னது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எத்தன தடவ திரும்பிப் போய்ப் பாத்திருப்பீங்க?"

"கணக்கே இல்ல டாக்டர்."

"எப்பவாச்சும் யாராச்சும் கெடந்தாங்களா?"

"இல்ல."

"பாத்ததும் நிம்மதி வந்துதுங்களா?"

"வந்துச்சு. அஞ்சு நிமிசம் இருக்கும்."

"அந்த அஞ்சு நிமிசந்தானுங்க இந்த நோவுக்குத் தீனி. நீங்க பாக்கப் பாக்க அது வளரும்."

ஓசிடி என்று பெயர் சொன்னார். கை கழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கும், பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவர்களுக்கும் இதே நோய்தான், எனக்கு அது ரோட்டில் வந்திருக்கிறது என்றார். நான் ஆளை இடித்துவிட்டுப் போகிறவனாக இருந்தால் இந்தப் பயமே வராது என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன்.

"நூத்துக்கு நூறு உறுதி வேணும்னு தேடறீங்க. அது யாருக்கும் கெடைக்காதுங்க. இன்னிக்குக் கார்ல வந்தனே, யாரையும் இடிக்கலைன்னு நானும் சத்தியம் பண்ண முடியாது. இடிக்கலைன்னு நெனச்சுட்டு வேலையப் பாக்கறனுங்க."

மாத்திரை எழுதினார். குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றார். வண்டி ஓட்டும்போது சந்தேகம் வந்தால் திரும்பக் கூடாது. பின்னால் பார்க்கும் கண்ணாடி வண்டி ஓட்டுவதற்கு மட்டும், ஆளைத் தேடுவதற்கு இல்லை. பிறகு என் மனைவியைப் பார்த்து, "அவரு கேட்டா இனி நீங்க பதில் சொல்லக் கூடாதுங்க" என்றார். அவள் தலையாட்டினாள்.

எனக்கு மாத்திரையை விட, திரும்பாமல் இருப்பதை விட, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் யாரையும் இடிக்கலைல்ல?"

"அதுக்கு நான் பதில் சொல்லமாட்டேங்க."

"ஒரே ஒரு தடவ சொல்லு. இனிமே கேக்கவே மாட்டேன்."

அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். கல்நெஞ்சுக்காரி என்றேன். அவள் அழுதாள், ஆனால் அந்த 'இல்லை'யை மட்டும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து ஒருநாள் சொன்னாள்: "ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கு நீங்க நல்லாச் சாப்பிட்டிருப்பீங்க. எனக்குத் தெரியாதா? வாய் வரைக்கும் வந்துச்சு."

அந்த நாட்களில் வண்டி முதலாளி எனக்கு ஆள் ஏற்றும் வேலை தரவில்லை. காந்தலூரிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றி வரச் சொன்னார். மூட்டைகள் இறங்கிப் போய் பஸ் ஏறாது என்பதால் எனக்கும் அது சௌகரியம்.

ஒருநாள் மறையூர் தாண்டி ஏறும்போது சக்கரம் குழியில் இறங்கியது. அதே நொடியில் ஒரு பெண்ணின் கூச்சல் கேட்டது. மேட்டில் யாரோ யாரையோ கூப்பிட்டிருக்கலாம். அடுத்த வளைவில் வண்டி திருப்ப இடம் உண்டு என்று எனக்குத் தெரியும். அந்த இடம் வந்தது. இடித்திருக்கலாம், இடிக்காமலும் இருந்திருக்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னேன். டாக்டரம்மா அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். கியரை மாற்றி மேலே போனேன்.

காந்தலூரில் மூட்டை ஏற்றுகிறவர்களோடு சேர்ந்து நானும் தூக்கினேன். முதல் பத்து மூட்டை வரை, இப்போதே கிளம்பினால் ஆளைக் காப்பாற்றலாம் என்று மனம் அரற்றியது. முப்பதாவது மூட்டையில் பசித்தது. நான் எதையும் போய்ப் பார்க்கவில்லை, யாரும் எனக்கு எதையும் சொல்லவில்லை. பயம் அதுவாகவே இறங்கியிருந்தது. அதுவரை அப்படி ஒன்று நடக்கும் என்று நான் நம்பியதே இல்லை.

ஆனால் வீட்டுக்குப் போக அதே ரோடுதான். மெதுவாகப் போனால் அதுவும் தேடுவதுதான். அந்த இடம் வந்தபோது மற்ற இடங்களில் போகிற அதே வேகத்தில் போனேன். இடது பக்கம் கண் இழுத்தது. ரோட்டைப் பார்த்தேன்.

வீட்டில் அன்று நான் எதுவும் கேட்கவில்லை. அவள் குழம்பு ஊற்றினாள். பிறகு, "என்ன, இன்னைக்கு ரெண்டு தடவ சோறு வாங்குதீங்க?" என்றாள்.

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. அடுத்த வாரமே தோற்றேன், ஒரு வேகத்தடைக்கு இரண்டு தடவை திரும்பினேன். டாக்டரம்மா திட்டவில்லை. மறுநாள் அதே வேகத்தடையில் ஏறி இறங்கி வரச் சொன்னார். போனேன்.

ஏழு மாதம் கழித்து மறுபடி ஆள் ஏற்ற ஆரம்பித்தேன். ஜீப் ஸ்டாண்டில் எனக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்: எனக்கு இன்ன நோய், மாத்திரை சாப்பிடுகிறேன், இனி திரும்ப மாட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் பிறகு வந்து, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. போகிற வழியைச் சொன்னேன்.

மாத்திரை இன்னும் இருக்கிறது, டாக்டரம்மா அளவைக் குறைத்திருக்கிறார். மழைக்காலத்தில் சந்தேகம் கூடும். கூடட்டும். நாளைக் காலை ஐந்து பேரைக் காந்தலூருக்குக் கூட்டிப் போகிறேன்.