“நீர் ஆரின்ர ஆள்?”

போன சனிக்கிழமை யூனியன்வில்லில் மச்சாள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரோ கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் ஒருவரையொருவர் ‘துரோகி’ என்று நேரலையில் கத்திக்கொண்டிருந்தார்கள். கையில் எடுத்த பொரித்த றோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன். சீ! இந்தக் கருமத்தை அது முட்டையாக இருந்தபோதே பார்த்தவள் நான்.

றோல்ஸ் என்றாலே எனக்கு முன்பு நான் வேலை செய்த தமிழ் வானொலிதான் நினைவு. ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. பொரிக்கிற எண்ணெய் மணத்துக்குள்ளேதான் மரண அறிவித்தலும் வாசிப்பார்கள். என் குரலுக்காகக் கூப்பிடுகிறார்கள் என்று நம்பிப் போனேன். தொலைபேசி எடுக்க வைத்தார்கள். “றேடியோவைக் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ” என்று எடுக்கிற நேயர்களிடம் நாள் முழுக்கக் கெஞ்சுவேன். ஒருவரும் குறைக்க மாட்டார்கள். தன் குரல் வானொலியில் வரும்போது கேட்காமல் விட யாருக்கு மனம் வரும், சொல்லுங்கள்?

பின்னேரத்தில், ஊரில் நடந்த போரில் காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கென்று கொஞ்ச நேரம் இருந்தது. பெயர், ஊர், கடைசியாகக் கண்ட இடம் சொல்வார்கள். அதற்குப் பிறகு அரசியல். அதை நடத்திய அண்ணை ஒருநாள், மறுத்துப் பேசிய ஒருவரை “நீர் ஆரின்ர ஆள்?” என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், எல்லா இணைப்பும் ஒன்றாக அடித்தது. முதலாளி ஓடி வந்தார். “பிள்ளை, சண்டை பிடிக்கிறவையை முன்னுக்கு விடும்!” தேடுகிற நேரத்தையும் நடத்த அண்ணையிடமே கொடுத்தார்.

மோர்னிங்சைட்டிலிருந்து ஓர் அன்ரி வாரம் தவறாமல் எடுப்பார். அண்ணை அந்த நேரத்தை நடத்திய முதல் நாளும் காணாமல் போன தன் தம்பியின் பெயரைச் சொன்னார்.

“எந்த இயக்கம்?” என்றார் அண்ணை.

“இயக்கமோ? அவன் கடையிலை நிண்டவன்.”

“சும்மா நிண்டவனை ஏன் கொண்டு போறாங்கள்? காட்டிக்குடுத்தவரோ?”

பிக்கரிங்கிலிருந்து ஒருவர் எடுத்து, ஓம், துரோகிதான் என்றார். இன்னொருவர் அவரைத் துரோகி என்றார். இரண்டு பேருக்கும் அந்தத் தம்பியைத் தெரியாது. முதலாளி சந்தோஷத்தில் எல்லாருக்கும் கீழேயிருந்து றோல்ஸ் எடுப்பித்தார்.

நிகழ்ச்சி முடிந்தும் அன்ரி இணைப்பில் இருந்தார்.

“பிள்ளை, இவ்வளவு பேர் கதைச்சினம். ஆரும் அவனைக் கண்டதெண்டு சொன்னவையோ?”

“இல்லை அன்ரி.”

பிறகு அவர் எடுக்கவேயில்லை. மற்றவர்களும் மெல்ல நிறுத்தினார்கள். காணாமல் போன பிள்ளைக்கு யார்தான் ஏச்சு வாங்கிக் கொடுப்பார்கள்? அந்த நேரமும் அரசியலுக்கே போனது.

இப்போது இந்த நகரத்தில் எங்கள் ஆட்கள் கத்துவதற்கு எத்தனையோ நிகழ்ச்சிகள். ஒரு பெயரைச் சொல்லி, “கண்டனீங்களோ?” என்று கேட்க ஒன்றுகூட இல்லை.