சொட்டவிட்ட குழாய்

அண்ணன் செய்ததைத் தப்பு என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள். குழாய் சொட்டுகிற வீட்டில் எதுவும் தங்காது என்று சொல்லி வளர்த்த அம்மாவின் பிள்ளை அவன். போலந்தில், தங்கியிருந்த வீட்டின் சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பார்த்து இறுக்கி மூடினான். ஆளில்லாத வீட்டுக்கு எதற்குச் சூடு என்று பாய்லரையும் அணைத்துவிட்டு ராத்திரி வேலைக்குப் போனான்.

அவனைக் காளான் பண்ணையில் சேர்த்துவிட்ட பெரியவரின் வீடு அது. அவரும் மனைவியும் மகளைப் பார்க்க வெளியூர் போகும்போது சாவியை இவனிடம் கொடுத்திருந்தார்கள். கிளம்பும் முன் எதையோ நெடுநேரம் சொன்னார்களாம். இவனுக்குப் பாதி புரிந்தது. தலையை மட்டும் முழுசாக ஆட்டியிருக்கிறான்.

மறுநாள் அவன் வீடு திரும்பியபோது அங்கே மத்தியானம். இங்கே விருத்தாசலத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. செராமிக் யூனிட்டிலிருந்து வந்து நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டிச் சூளைக் கொட்டகை. தை மாதத்திலும் அந்தச் சுவர் வெதுவெதுப்பாகவே இருக்கும். போனில் அண்ணன் முகம் தெரிந்தது. பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

"என்னடா, பீடி புடிக்கிறியா?" என்றாள் அம்மா.

"மூச்சும்மா! வூட்டுக்குள்ளயே இப்படி," என்றவன் என் பக்கம் திரும்பினான். "பாப்பா, தண்ணி வரல. ரூமைச் சூடாக்குற இரும்புப் பொட்டி ஜில்லுனு கெடக்குது. பாய்லரப் போட்டா என்னமோ முனகுது, சூடு ஏற மாட்டேங்குது."

அந்த ஊரில் பாய்லரில் சூடான தண்ணீர் குழாய் வழியாக அறை அறையாகப் போய் வீட்டைச் சூடாக்குமாம். அந்தக் குழாயும் சமையலறைக் குழாயும் ஒரே அலமாரிக்குள், வெளிச்சுவரை ஒட்டிப் போயின. இரண்டின்மேலும் வெள்ளையாக உறைபனி. ஜன்னல் வழியே வாசலையும் காட்டினான். அங்கே அவன் தண்ணீரோடு விட்டிருந்த வாளி, விளிம்பிலிருந்து அடிவரை பிளந்து நின்றது. நடுவில் பனிக்கட்டி புடைத்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் உறைந்தால் பருமன் கூடும். அதை டிப்ளமோ பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள். ஆனாலும் அதை நான் நம்பியிருக்கவில்லை என்று அந்த வாளியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தீ பிளக்கும், தினமும் பார்க்கிறேன். தண்ணீர் யாரும் தொடாமல், சத்தம் போடாமல், நின்ற இடத்திலேயே நின்று பிளந்திருக்கிறது. இரும்பையும் இப்படித்தான் பிளக்கும்.

"குழாய் வெடிச்சா வூடு பூரா தண்ணி," என்றான் அண்ணன். "நம்பிக் குடுத்துட்டுப் போனாரு. அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்? வேலையும் போயிடும். இங்க தீயப் பீச்சுற கேஸ் டார்ச் ஒண்ணு இருக்குது, ரெண்டு நிமிஷம் காட்டுனா…"

"காட்டாத!" என்று கத்திவிட்டேன். "ஈரம் காயாத பொம்மைய சூளையில வெச்சு சட்டுனு தீய ஏத்துனா என்ன ஆவும்?"

அவனும் சூளைக் கொட்டகையில் பொம்மைப் பலகை தூக்கியவன்தான். "வெடிக்கும்."

"அதேதான். உள்ள இருக்குற தண்ணி ஆவியாயி, வெளிய வர வழியில்லாம வெடிக்கும். பாய்லர நிறுத்து. குழாயத் தெறந்து வை. வாய்ப்பக்கத்துலேருந்து மெதுவா சூடு காட்டிட்டு உள்ள போ. முடி காய வைக்கிற மிஷின் இருக்குதா?"

"வூட்டுக்காரம்மாவோடது இருக்குது."

"ஒன் தலையில காட்டிடாதடா, இருக்கறதும் போயிடும்," என்றாள் அம்மா. அவள் கை மட்டும் என் தோளை விடவில்லை.

"சரிங்க வாத்தியாரம்மா," என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனைச் சாய்த்து வைத்தான். நானும் அம்மாவும் ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கல்லில் தோசை தீய்ந்தது. யாரும் எழவில்லை.

குழாய் இருமியது. ஒரு பனித் துணுக்கைத் துப்பியது. பிறகு நூல் போலத் தண்ணீர்.

"குழாய் நெடுக கையால தடவிப் பாரு, எங்கயாவது கசியுதா?"

கசியவில்லை. அடுத்து சூட்டுக் குழாய். அதற்கு இன்னும் நேரம் பிடித்தது. அதிலும் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே பாய்லரைப் போடச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரும்புப் பெட்டிக்குள் பசித்த வயிறு போலக் களகளவென்று சத்தம். அண்ணன் கன்னத்தை அதன்மேல் வைத்தான்.

"சுடுதும்மா."

சூளையில் தீ ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நகர்வதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். பனி மூடிய ஏதோ ஊரில், சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல், தண்ணீர் அப்படித் தீயைச் சுமந்துகொண்டு அறை அறையாகப் போனது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இனிமே பாய்லர அணைக்காத, கொறச்சு வை. அலமாரிக் கதவு தெறந்தே இருக்கட்டும், வூட்டுச் சூடு உள்ள போவும். குழாய்க்குத் துணி சுத்து. குளிர் கூடுற அன்னைக்கு லேசா சொட்ட வுடு, ஓடுற தண்ணி சீக்கிரம் ஒறையாது. அதத்தான் வூட்டுக்காரங்க செஞ்சு வெச்சிருந்தாங்க."

அவன் தன் கட்டம்போட்ட லுங்கியைக் குழாய்க்குச் சுற்றினான். அம்மா என்னை முறைத்தாள்.

"சொட்டுனா வூட்டுக்கு ஆவாதுடி."

"அந்த வூட்டுக்குச் சொட்டுனாதாம்மா ஆவும்."

அம்மா போனைத் தன் பக்கம் இழுத்தாள். "டேய், போனைக் கிட்டக்க காட்டு," என்றாள். மூன்று பேரும் அந்தச் சொட்டைக் கேட்டோம்.

இங்கே எங்கள் குழாயை அம்மா இன்னும் இறுக்கித்தான் மூடுகிறாள். ஆனால் குளிர்காலம் முடியும்வரை ஒவ்வொரு போனிலும் அவனிடம் அவள் முதலில் கேட்டது சாப்பிட்டாயா என்று இல்லை.

"சொட்டுதாடா?"