சாம்பல் பூசிய கம்பு

சாம்பல் படிந்த கம்பைக் கண்டால்தான் எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும். பரளச்சி பஸ் நிறுத்தத்தை ஒட்டி என் அண்ணன் மனைவி, மதினி, நடத்திய கடை அது. அண்ணன் காலமான பிறகு நானும் அவருக்குத் துணையாக அங்கேயே இருந்தேன். சுற்றுவட்டாரச் சம்சாரிகள் விளைவித்ததைத் தவிர வேறெதையும் மதினி விற்க மாட்டார். வண்டு விழாமலிருக்க கம்பைச் சாம்பலில் புரட்டி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். டவுன்காரர்கள்கூட பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு கை அள்ளி, விரலில் சாம்பல் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவார்கள். மருந்து படாத தானியம் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அறுபதுகளின் கடைசி. விதைப்பு முடிந்த சமயம். விதைக்குப் போடுகிற விஷ மருந்து அப்போதுதான் எங்கள் ஊர்ப்பக்கம் தலைகாட்டியிருந்தது. ஒருநாள் காலையில் தெரிந்த சம்சாரி ஒருவர் கம்பு மூட்டையைத் தட்டிவிட்டுப் போனார். மதினி அள்ளிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் தூள் ஒட்டியது. வேப்பிலையும் மிளகாய் வத்தலும் நெடியடிக்கும் கடையில் வேறு வாசனை யார் மூக்குக்கும் எட்டவில்லை. உச்சிப்பொழுது நெருங்கும்போது அதே மனிதர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தாயி, அளந்திராதீக! அது விதைச்சது போக மிஞ்சுன கம்பு. எம் மகன் மருந்தப் பெரட்டி வச்சிருக்கான். சாம்பலுன்னு நெனச்சுத் தூக்கிட்டு வந்துட்டேன்!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே அறைந்திருப்பேன். மதினி படியைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார். அதற்குள் வாங்கிப் போனவர்கள் அநேகமாக உள்ளூர்க்காரர்கள். வீடு வீடாக ஓடி, முறத்திலும் உரலிலும் இருந்ததைப் பிடுங்கி வந்தோம். ஒரே ஒருவர்தான் பாக்கி. பேர் தெரியாத அம்மாள். அருப்புக்கோட்டையில் பிள்ளைத்தாய்ச்சி மகள் கம்பங்கூழுக்கு ஏங்குகிறாள் என்று சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தார்.

அடுத்த பஸ்ஸில் நாங்கள் ஏறினோம். நிறுத்தத்துக்கு நிறுத்தம் மூட்டை ஏற்றியவர்களை நான் மனசுக்குள் வைதுகொண்டே வந்தேன். "கூழுன்னா புளிக்க வைப்பாகள்ல? உடனே குடிச்சிர மாட்டாகள்ல?" என்று மதினி திரும்பத் திரும்பக் கேட்டார். "மாட்டாக மதினி" என்றேன். எனக்கு என்ன தெரியும்? மாசமான பெண்ணுக்குப் பொறுமை ஏது?

காலையில் போன பஸ் டவுனில்தான் நின்றிருந்தது. கண்டக்டர் யோசித்துவிட்டு, "பையோட வந்த அம்மாவா? சாயப்பட்டறைத் தெருப் பக்கம் போனாக" என்றார். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம். உலக்கை இடிக்கிற சத்தம் எங்கே கேட்கப் போகிறது? ஒரு வாசலில், சிந்திய தவிட்டைக் கொத்திய கோழி தலை தொங்கி நின்றது. அதைப் பார்த்ததும் மதினி கேட்காமல் கொள்ளாமல் உள்ளே பாய்ந்தார். மகள் கையில் கும்பா இருந்தது. மதினி அதைத் தட்டிவிட்டார். கூழ் சுவரெல்லாம் தெறித்தது.

"ஆத்தா, குடிச்சியா? குடிச்சியா?"

"இல்ல... சூடா இருந்துச்சு. ஆறட்டும்னு வச்சிருந்தேன்."

மதினி அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்து கதறி அழுதார்.

இப்போது நாட்டுக் கம்பு என்று படம் போட்ட பாக்கெட்டை நானும் வாங்கத்தான் செய்கிறேன். யார் காட்டில் விளைந்தது என்று கேட்டால், கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது.

அன்றைக்குப் பிறகு மதினி எந்தத் தானியத்தை அளந்தாலும், வாங்குகிறவர் எதிரிலேயே கொஞ்சம் அள்ளி வாயில் போட்டு மென்ற பிறகுதான் படியை எடுப்பார். சில மாதம் கழித்து அந்த அம்மாள், மகளோடும் கைக்குழந்தையோடும் எங்கள் கடை முன்னால் வந்திறங்கினார். மதினி கம்பை வாயில் போட்டு மென்றார்.

"எங்களுக்கு எதுக்குத் தாயி இதெல்லாம்? அளந்து போடுங்க" என்று அந்த அம்மாள் பையை விரித்தார்.

மகள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு தாயின் கையைப் பிடித்தாள்.

"பொறும்மா. அவுக முழுங்கட்டும்."

மதினி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.