முதல் ஸ்லைடுக்கு ஒரு மேடை

ஹாலின் நடுவில் ஒரு சிமென்ட் மேடை. முழங்கால் உயரம்தான், ஆனால் ஒரு கட்டிலைத் தூக்கி அதன்மேல் போடலாம். சோபாவும் சாப்பாட்டு மேசையும் இருந்த இடத்தை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு கிடந்தது. போதாததற்கு, வாசல் கதவைக் கழற்றி, நிலையைப் பெயர்த்து, சுவரை இரண்டு பக்கமும் உடைத்து, ஓட்டையில் நீல பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார் அப்பா. வேலை பாதியில் நிற்கும்போதே ஒரு காலையில் அவருடைய மூச்சும் நின்றுவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் மேடையைச் சுற்றிச் சுற்றி நின்றார்கள். இது என்ன என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் போனதுதான் மகளுக்கு உறைத்தது.

அவள் லிஃப்ட் பொருத்தும் நிறுவனத்தில் பொறியாளர். எந்தத் தளம் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு. மேடையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். உள்ளே வெற்றிடம் இல்லை. கொல்லையில் மிச்சம் கிடந்த கம்பிகளைப் பார்த்தாள். மாடி வீட்டுத் தூணுக்குப் போடுகிற கனம். தண்ணீர்த் தொட்டியா? ஹாலிலா? ஜெனரேட்டரா? இரண்டு அறை வீட்டுக்கு எதற்கு? ஒன்றும் பிடிபடவில்லை.

"கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன்" என்றான் அண்ணன். "இடிச்சு அள்ளிட்டு வாசலை அடைச்சுடலாம். வாடகைக்கு விடணும்னா முதல்ல இது வீடு மாதிரி தெரியணும்."

"எதுக்குக் கட்டினார்னு தெரிய வேண்டாமாண்ணா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? அம்மா போனதுல இருந்தே மனுஷன் ஒரு மாதிரிதான் இருந்தார். புத்தி கழண்டுடுச்சு. அதைச் சொல்ல உனக்கு வாய் வரல, அவ்வளவுதான்."

வாய் வரவில்லைதான். அப்பா கடைசி வரை தெளிவாக இருந்தார் என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு. மேடையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல யாருக்கும் தோன்றாது.

அப்பா ஓவியக் கல்லூரியில் படம் காட்டுகிறவர். மேற்கத்தியக் கலை வரலாறு என்று முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம். குகையில் தொடங்கி மறுமலர்ச்சிக் காலத்தில் முடியும். பேராசிரியை முன்னால் நின்று பேசுவார். அப்பா பின்னால் இருட்டில், ஸ்லைடு இயந்திரத்தின் சூட்டில், உட்கார்ந்திருப்பார். பேராசிரியை குச்சியால் தரையைத் தட்டினால் அடுத்த படம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அப்பாவுக்கு விளக்கை அணைத்துப் போடுவது மட்டும் மிஞ்சியது. பிள்ளைகள் அவரை லைட்டண்ணன் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரோடுதான் ஓய்வு பெற்றார்.

வீட்டில் காலண்டர் மாட்டியிருந்தாலும் நடந்தது அவருடைய கணக்குதான். திரையில் குகைக் காட்டெருமை வந்துவிட்டது என்றால் கல்லூரி திறந்துவிட்டது. எகிப்து ராஜாக்கள் ஒரு காலை முன்னே வைத்து நின்றால் மழைக்குக் குடை எடுக்க வேண்டும். தங்கச் சில்லு பதித்த சுவர்கள் வந்தால் விடியற்காலையில் குளிரும். கடைசியாக மறுமலர்ச்சி; அதில் ஓவியர்கள் தட்டைச் சுவரில் தூரத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள், பரீட்சை வந்துவிடும். "நீ மூக்குடைஞ்ச சிலைங்க ஓடிட்டிருக்கும்போது பொறந்தவ" என்பார் மகளிடம். "அண்ணன் தேவாலயத்துல பொறந்தான். அதான் இவ்வளவு உசரம்."

அம்மா சிரிப்பாள். நல்ல பருமனான அம்மா. சுவரில் இப்போது மாட்டியிருக்கும் படத்தில் அவளுடைய வகிடுதான் தெரிகிறது. கேமராவைக் கண்டால் குனிந்துவிடுவாள். வீட்டில் தேடினால் முகம் தெரிகிற படம் ஒன்று கூடக் கிடைக்காது.

கொத்தனார் சம்மட்டியோடு வந்தார். மேடையைத் தொட்டுப் பார்த்து, பெருமையும் சங்கடமுமாக நின்றார்.

"நான் கட்டினதை நானே உடைக்கணுமா சார்?"

"எதுக்குன்னு அப்பா ஏதாவது சொன்னாரா?" என்று மகள் கேட்டாள்.

கொத்தனார் அண்ணனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஒரு பொம்பளை வரப்போறான்னு சொன்னாரும்மா."

"எந்தப் பொம்பளை?"

"அது எப்படிம்மா நான் கேக்கறது? வயசானவரு. நல்ல பருமன், சாதாரண வாசல்ல நுழைய மாட்டா, இடிச்சு விடுன்னாரு. வந்தா இங்கயேதான் இருப்பா, அசைய மாட்டான்னாரு."

அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டான். "இந்த வயசுலயா?"

"பருமனா இருந்தா சோபா போடணும். மேடை எதுக்கு?" என்றாள் மகள். கேட்டுவிட்டு, இது என்ன கேள்வி என்று அவளுக்கே தோன்றியது.

"ஆள் உயரம், கல்லு மாதிரி கனம்னாரு. அதுக்குத் தகுந்த மாதிரிதான் கம்பி கட்டினேன்." கொத்தனார் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் சொன்னாரு. உங்கம்மா சாடையாத்தான் இருப்பாளாம். முகம் மட்டும் இருக்காதாம்."



"இப்பவாவது ஒத்துக்கறியா?" என்றான் அண்ணன். குத்திக்காட்டத்தான் கேட்டான், குரல் அப்படி வரவில்லை. கொத்தனாருக்குத் தலையசைத்தான். கொத்தனார் சம்மட்டியை எடுத்தார். மகள் தடுக்க வேண்டும் என்று நினைத்தாள். என்ன சொல்லித் தடுப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்போது பிளாஸ்டிக் விரிப்பை விலக்கிக்கொண்டு ஒரு வயதான அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"லைட்டண்ணன் வீடு இதுதானே? அவர் போயிட்டார்னு முனையில கடைக்காரர் சொன்னார். நான் ஊர்ல இல்லைம்மா. நேத்துதான் வெளிநாட்டுல இருந்து வந்தேன்."

பேராசிரியை. மகள் சின்ன வயதில் பார்த்தது. உள்ளே வந்தார். உட்கார ஒரு நாற்காலி கூட இல்லாத ஹாலையும், மேடையையும், சம்மட்டியையும் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"அதைத்தான் நாங்களும் கேட்டுட்டிருக்கோம் மேடம்."

அவர் கைப்பையைத் திறந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தார். காலுறைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொம்மையை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். விரலை மடக்கினால் முக்கால்வாசி உள்ளே மறைந்துவிடும். கல்லில் செய்த பெண். பெருத்த வயிறு, கனத்த மார்பு, அதன்மேல் மடக்கிப் போட்ட மெல்லிய கைகள். குனிந்த தலை முழுக்கப் பின்னல் மாதிரி சுருள் சுருளாக ஏதோ. முகம் இல்லை.

"நகல்தான். கற்காலத்து அசல் அங்க மியூசியத்துல இருக்கு, வாசல் கடையில இதை விக்கறாங்க. நான் கிளம்பும்போது உங்கப்பா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லிக் கேட்டார். எங்க பாடத்துல முதல் ஸ்லைடே இவதான், காட்டெருமைக்கும் முன்னாடி. வீட்டுல சொல்லியிருக்க மாட்டார், உடம்புல துணி இல்லையே. என் வீட்டுக்காரி மாதிரியே இருக்கா மேடம்னு எப்பவோ சொன்னார். இப்ப அவங்களும் இல்லை, ஒரு படம் கூட ஒழுங்கா இல்லைன்னார்." பேராசிரியை நிறுத்தினார். மேடையைத் திரும்பப் பார்த்தார். "கனமா இருக்குமே, கப்பல்லயா வரும்னு கேட்டார். விளையாடறார்னு நினைச்சேன். கைப்பையிலயே கொண்டாந்துடறேன்னு சொன்னேன். சத்தமா சிரிச்சார். நானும் சிரிச்சேன்."

மகள் மெதுவாகக் கேட்டாள். "திரையில இவ எவ்வளவு உயரம் தெரிவா?"

"திரை முழுக்க. எல்லாப் படமும் திரை முழுக்கத்தான். இவ, பளிங்குச் சிலை, தேவாலயம், எல்லாமே ஒரே உயரம்." பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அசலும் உன் கையில இருக்கற அளவுதான். அளவை நான் வகுப்புல சொன்னதே இல்லைம்மா. புத்தகத்துல இருக்கேன்னு விட்டுடுவேன். பசங்ககிட்ட புத்தகம் இருந்துச்சு."

மகள் மேடையோரம் குந்தினாள். மனக்கணக்கு போட்டாள். ஆள் உயரம். கல். அந்த வயிறும் மார்பும். டன் கணக்கில் வரும். அதற்கு இந்தக் கம்பி, இந்தக் கனம் போதும். கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கிறார். வாசலை அளந்தாள். சிலையின் தோளும் தள்ளுவண்டியும் ஒன்றாக நுழையும். ஒரு வரைபடத்தில் அளவு குறிக்காமல் விட்டால் அவளுடைய அலுவலகத்திலும் இதையேதான் கட்டியிருப்பார்கள்.

"அண்ணா, கணக்கு சரியா இருக்கு."

"என்ன கணக்கு?"

"அப்பா போட்ட கணக்கு. எல்லாமே சரி. அவர்கிட்ட அளவு மட்டும் இல்லை."

அண்ணன் பொம்மையை வாங்கித் திருப்பிப் பார்த்தான். சுவரில் இருந்த வகிட்டைப் பார்த்தான். மேடையின் நடுவில் அதை நிறுத்தினான். அது சாய்ந்தது. திரும்ப நிறுத்தினான். திரும்பச் சாய்ந்தது.

"நிக்காதுப்பா" என்றார் பேராசிரியை. "பாதம் இல்லை. கையில வெச்சுக்கறதுக்குச் செஞ்சிருக்கலாம்னு சொல்றாங்க. நிச்சயமா யாருக்கும் தெரியாது."

மகள் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டுமா அழ வேண்டுமா என்று அவளுக்கு விளங்கவில்லை. கல் மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் நின்றுகொண்டே இருப்பது அப்போதுதான் உறைத்தது. முந்தானையால் மேடையின் தூசியைத் துடைத்தாள்.

"உட்காருங்க மேடம்."

பேராசிரியை உட்கார்ந்தார். பக்கத்தில் மகள். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுகோடியில் உட்கார்ந்தான்.

கொத்தனார் சம்மட்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "அப்ப இடிக்கறதா வேண்டாமா சார்?"

"தெரியலய்யா" என்றான் அண்ணன். "முதல்ல வாசலை அடைங்க."

"வாசலைப் பழைய அளவுக்கா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் மேடையில் நகர்ந்து இடம் விட்டாள். "நீங்களும் உட்காருங்க" என்றாள் கொத்தனாரிடம். "தாங்கும்."

"எனக்குத் தெரியாதாம்மா" என்று சொல்லி அவரும் உட்கார்ந்தார்.